இரண்டு மணி ஐம்பது நிமிடத் தூரம்

ஹலோ… ஆமா, ஏர்போர்ட்டுதான்… ஆமாங்க, ஆமா, லேட்டுதான். காலையிலேருந்து இதே கேள்விக்குப் பதினாலாவது போன்… இருங்க, நான் சொல்லி முடிச்சிடறேன், அப்புறம் கேளுங்க. அங்க ஏழு பத்துக்குக் கிளம்ப வேண்டியது, ஏழு அம்பத்தஞ்சுக்குத்தான் கிளம்பிச்சு. ஏறப்போற நேரத்துல யாரோ ஒரு ஆளு மயங்கி விழுந்துட்டாராம். அவரைத் தூக்கிக்கிட்டுப் போய், அவர் பையை அடியிலேருந்து தேடி எடுத்து இறக்கி… அதுலயே முக்கா மணி நேரம் போச்சு. உடம்பு முடியாதவங்க வீட்டுல கிடக்காம ஏன்தான் இப்படிக் கிளம்பி வராங்களோ… சரி, விடுங்க. இன்னும் பத்து நிமிஷத்துல இங்க இறங்கிடும். வெளிய வந்து நின்னீங்கன்னா உங்க ஆளைப் பாத்துடலாம்…

என்னது? சத்தமா பேசுங்க, ஒண்ணும் கேக்கல… எவ்வளவு நேரம் ஆகும்னா? எதுக்கு?… ஓ, இங்கேருந்து அங்க வர்றதுக்கா? அது ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அறுபது கிலோமீட்டருங்க. அங்கேருந்து இங்க வர்றப்ப எதிர்காத்து, ரெண்டு மணி அம்பது நிமிஷம் பிடிக்கும். இங்கேருந்து போறப்ப காத்து பின்னாலேருந்து தள்ளிவிடும், ரெண்டரை மணியில போயிடலாம். வாரத்துல ரெண்டே நாள்தான். இன்னைக்கு ஒண்ணு உண்டு, இப்ப இறங்கப்போற அதே விமானம்தான் திரும்பிப் போகுது… இருக்கு, இருக்கு, சீட்டு நிறைய இருக்கு. யாரு போகணும்?…

நானா?

நான் எதுக்குங்க வரணும்? நீங்க யாரு பேசறது?…

…

அண்ணி?

அண்ணி, நீங்களா? அய்யோ, குரலே தெரியல. எத்தனை நாளாச்சு… ரெண்டு வருஷம் இருக்குமில்ல. இந்த நம்பர் எப்படி… இது ஆபீஸ் செல்போனாச்சே. என் போனு அலமாரியில கிடக்கு, வேலை நேரத்துல கிட்ட வச்சுக்க விடமாட்டாங்க… யாரு குடுத்தா? அங்க ஏர்போர்ட்ல கவுண்ட்டர்லயா? நீங்க எதுக்கு ஏர்போர்ட்டுக்கு…

சரி. சரி, சொல்லுங்க… அழாதீங்க. அண்ணி, அழுதா எனக்கு ஒண்ணும் புரியாது. மெதுவா சொல்லுங்க… உங்க தம்பிக்கா? எங்க வீட்டுக்காரருக்கு என்ன?… ஆஸ்பத்திரியிலயா? எந்த ஆஸ்பத்திரி? எப்போலேருந்து?… மயக்கமா? எங்க, பொய்ப் பல்லு கட்டற ரூம்லயா? நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அந்த ரூமுக்கு ஒரு ஜன்னல் வைங்க, அந்த மாவு வாடையில மூச்சு முட்டுதுன்னு… இல்லையா? அப்ப மாடிப்படியிலயா? மாடிப்படியிலதானே?…

ஏர்போர்ட்ல.

உங்க தம்பிக்கு ஏர்போர்ட்ல என்ன வேலை அண்ணி? பல்பு மாத்த ஸ்டூல் மேல ஏறச் சொன்னாலே என்னைக் கூப்பிடற மனுஷன். விமானத்தைப் படத்துல பாத்தாக்கூட உள்ளங்கை வேர்க்கும். அவர் எதுக்கு அங்க…

…

இல்ல.

இல்ல அண்ணி. நீங்க ஏதோ தப்பா… என்கிட்ட வர்றதுக்கா?

…எத்தனை மணிக்கு?… ஆறு அம்பதுக்கு. வரிசையில நிக்கிறப்ப… ம்… ம்… தூக்கிக்கிட்டுப் போனாங்க…

கொஞ்சம் இருங்க. ஒரு நிமிஷம். ஒரு தாளைப் பாக்கணும்… இங்கதான் வச்சேன்…

அண்ணி, அவர் பை எத்தனை கிலோ?… தெரியாதா… பரவாயில்ல, எனக்குத் தெரியும். பதினோரு கிலோ. என் மேஜை மேல எழுதியிருக்கு. எத்தனை பேரு, எத்தனை பைன்னு அங்கேருந்து சொல்வாங்க, நான் இங்க எழுதி எடையைச் சரிபாக்கணும். விமானத்துக்கு வழி போடறதும் இந்தக் கணக்கும்தான் என் வேலை. ஏழரை மணிக்கு மறுபடியும் கூப்பிட்டு, ‘ஒரு ஆளு கம்மி, பதினோரு கிலோ பை ஒண்ணு கம்மி’ன்னாங்க. அறுபத்தி மூணுன்னு இருந்ததை அடிச்சேன். அறுபத்தி ரெண்டுன்னு எழுதினேன். என் கையாலயே அண்ணி… பேரு வராதே, அந்தத் தாள்ல யாரு பேரும் வராது, நம்பர்தான் வரும். ‘இந்த ஆளுக்கு இன்னைக்குத்தானா மயக்கம் வரணும்’னு நான்… பக்கத்துல விமானத்தோட பேசற ரேடியோக்காரர் இருந்தாரு, அவர்கிட்ட சொல்லிச் சிரிக்கவேற சிரிச்சேன்…

ஆமா… ஆமா, கேக்குது. லைன்லதான் இருக்கேன்.

சரி, இப்ப அழுதுக்கிட்டு நிக்கிற நேரமில்ல. நான் வரேன். கேளுங்க, நல்லா கேட்டுக்கோங்க. விமானம் பத்தே முக்காலுக்கு இறங்கும். பெட்ரோல் போட்டு, சுத்தம் பண்ணி, ஆளை ஏத்த முப்பத்தஞ்சு நிமிஷம். பதினொண்ணு இருபதுக்குக் கிளப்பிடலாம். ரெண்டரை மணி நேரம். ஒண்ணு அம்பதுக்கு அங்க. ஆஸ்பத்திரி ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துலதானே? பத்து நிமிஷமா? அப்ப ரெண்டு மணிக்கு நான் உங்க முன்னால நிப்பேன். காத்து இன்னைக்கு நல்லா இருக்கு, கேப்டன்கிட்ட சொன்னா இன்னும் ஒரு ஏழெட்டு நிமிஷம் மிச்சம் பிடிச்சுக் குடுப்பாரு. டாக்டர்கிட்ட சொல்லுங்க, பொண்டாட்டி வரா, ரெண்டு மணிக்குள்ள வந்துடுவா, என்ன ஆபரேஷன் பண்றதா இருந்தாலும் பண்ணுங்க, எதுக்கும் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்னு. கையெழுத்து கேட்டா நீங்களே போட்டுடுங்க. கூடப்பொறந்தவங்க போட்டா போதும்… இருங்க, பையை எடுத்துக்கறேன், என்…

என்ன சொன்னீங்க?

…மெதுவா வான்னா? என்ன மெதுவா? விமானம் என்ன மாட்டுவண்டியா, நான் சொல்ற வேகத்துக்குப் போக?… அவசரமில்லையா? ஏன் அவசரமில்ல?

அண்ணி.

ஏன் அவசரமில்லன்னு சொல்றீங்க?

…

…

எத்தனை மணிக்கு?

எட்டு இருபதுக்கு.

இப்ப மணி பத்து முப்பத்தெட்டு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு மணி நேரமா நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? ஏன் என்னைக் கூப்பிடல?… இல்ல, சொல்லுங்க. அவர் அங்க அப்படிக் கிடக்கறாரு, நான் இங்க உக்காந்து டீ குடிக்கறேன். எட்டு இருபதுக்கு நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? ‘விமானம் மேல ஏறிடுச்சு, முப்பத்தஞ்சாயிரம் அடி, எல்லாம் சரி’ன்னு நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தேன். எல்லாம் சரின்னு எழுதியிருக்கேன் அண்ணி! இதோ, எழுத்து இருக்கு! வேலைக்காகப் புருஷனை விட்டுட்டுப் போனவதானே, இவளுக்கு என்ன அவசரம், சாயங்காலமா சொல்லிக்கலாம்னு இருந்துட்டீங்களா? ரெண்டு வருஷமா பேசல, சரி. என் மேல இருந்த கோவத்தை இதுலயா…

…

என்ன?

…

திரும்பச் சொல்லுங்க.

…வாசல் கதவுகிட்ட. கண்ணாடிக் கதவுகிட்ட… ம்… ‘அக்கா, நெஞ்சு ஒரு மாதிரி படபடன்னு அடிக்குது’ன்னாரு… ம்… ‘போகட்டுமா, வேணாமா’ன்னு கேட்டாரு…

நீங்க என்ன சொன்னீங்க?

…

ம்.

…இல்ல. பேசறேன். எங்கயும் போகல… இருங்க, பக்கத்துல கேக்கறாங்க…

ரேடியோ அண்ணே, ஒண்ணுமில்ல. வீட்டுலேருந்து போன். எங்க வீட்டுக்காரரோட அக்கா… ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல… ஆமா. ஆமாண்ணே. அவருக்குத்தான். மயங்கி விழுந்தது எங்க வீட்டுக்காரர்தான்… இல்ல. இல்லண்ணே. போயிட்டாரு.

…தண்ணி வேணாம். வேணாம்ணே… நீங்க டவரைப் பாருங்க, கூப்பிடறாங்க பாருங்க. இறங்கற நேரம்.

அண்ணி… இருக்கீங்களா? கட் பண்ணிடாதீங்க.

‘பயத்துல அப்படித்தான் அடிக்கும், போடா’ன்னீங்க. அவ்வளவுதானே? அதுக்குத்தானா ரெண்டு மணி நேரம் போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க?… மூணு தடவை நம்பரை அழுத்தினீங்களா…

கேளுங்க. நான் சொல்றதைக் கேளுங்க அண்ணி. என்கிட்ட கேட்டிருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். ‘பயமா? பயந்தா நெஞ்சு அடிக்கத்தான் செய்யும், கண்ணை மூடிக்கிட்டு ஏறி உக்காருங்க’ன்னுதான் சொல்லியிருப்பேன். இன்னும் ரெண்டு வார்த்தை கூடச் சேத்துத் திட்டியிருப்பேன். ஏணியில ஏறினா நெஞ்சு அடிக்கும், லிப்டுல ஏறினா நெஞ்சு அடிக்கும். பொண்ணு பாக்க வந்தப்பவே நெஞ்சு அடிக்குதுன்னு தண்ணி வாங்கிக் குடிச்சவருதானே? நாப்பத்தாறு வருஷமா அடிச்சிக்கிட்டே இருந்த நெஞ்சு. இன்னைக்கு அடிக்கறது வேறன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?… தெரியாது அண்ணி. அவருக்கே தெரியல. நீங்க என்ன டாக்டரா?…

டாக்டர் என்ன சொல்றாரு?… பழசா? மாரடைப்பு முன்னாடியே ஒரு தடவை வந்து போயிருக்கா? எப்போ?… யாருக்குமே சொல்லலையா… நெஞ்செரிச்சல்னு மாத்திரை வாங்கி முழுங்கினாரா? எனக்கும் அதேதான் சொன்னாரு. ‘உன் சமையல் இல்லாததால வயிறு கோவிச்சுக்கிச்சு’ன்னாரு. நான் சிரிச்சேன்…

வீட்டுல இருந்திருந்தாலும் வந்திருக்கும்னு சொல்றாரா? ம்… நம்ப வேண்டியதுதான். வேற என்ன பண்றது.

இருங்க… சத்தம் வருது. ஒரு நிமிஷம் பேசாதீங்க…

…

கேட்டுதா? உங்களுக்குக் கேட்டுதா அண்ணி? இறங்கிடுச்சு. ஜன்னல் வழியா தெரியுது. ஓடிவந்து நின்னு, திரும்புது… ரெண்டு வருஷமா தினமும் ஏதாவது ஒரு விமானம் இப்படி இறங்கறதைப் பாக்கறதுதான். ஒரு நாளாவது அதுலேருந்து அவர் இறங்கி வரணும்னு நினைக்காத நாளில்ல. இன்னைக்கு வந்திருப்பாரு. இந்நேரம் படியில இறங்கி, கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, தரையைப் பாத்துக்கிட்டே வந்திருப்பாரு. நான் மேல ஜன்னல்ல நின்னு, ‘யாருடா அது, கிழவன் மாதிரி இறங்கறது’ன்னு பாத்திருப்பேன்…

இறங்கறாங்க. ஒரு பொம்பளை, கையில குழந்தை… ரெண்டு பேரு… ஒருத்தர் போன்ல பேசிக்கிட்டே… நான் எண்ண மாட்டேன். எண்ண வேணாம். எத்தனை பேருன்னு எனக்குத்தான் தெரியுமே.

…

அண்ணி, ஒண்ணு சொல்லணும். உங்ககிட்ட மட்டும்தான் சொல்ல முடியும். போன ஞாயித்துக்கிழமை நான் அவர்கிட்ட ரொம்பக் கேவலமா பேசிட்டேன். நேர் விமானம் விட்டு ஒரு மாசமாச்சு. முன்னாடியாவது ரெண்டு இடத்துல மாறி, பதினோரு மணி நேரம்னு சாக்கு இருந்துச்சு. இப்ப என்ன? ரெண்டு மணி அம்பது நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு உக்கார முடியாதான்னு கேட்டேன். ‘உங்களுக்கு நான் பொண்டாட்டி இல்ல, ஒரு போன் நம்பர். வரலன்னா இனிமே கூப்பிடவே கூப்பிடாதீங்க’ன்னேன். அவர் சண்டை போடல. ‘கோவம் வந்தா உன் குரல் நல்லா இருக்கு’ன்னாரு. நான் டப்புன்னு வச்சிட்டேன்… அதுக்குத்தான் கிளம்பியிருக்காரு. நான் திட்டினதாலதான். நீங்க பின்னாலேருந்து தள்ளினீங்க, நான் முன்னாலேருந்து இழுத்தேன். ரெண்டு பேருமா சேந்துதான்…

என்ன? இல்லையா?… எப்போ எடுத்தது?… டிக்கெட்டுல தேதி போட்டிருக்கா? பாத்துச் சொல்லுங்க. பொறுமையா பாருங்க, நான் இருக்கேன்…

பன்னெண்டு நாள் முன்னாடியா?

சரியா பாருங்க அண்ணி… அப்ப நான் திட்டறதுக்கு முன்னாடியே எடுத்துட்டாரா.

டிக்கெட்டைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டே அவ்வளவு திட்டையும் வாங்கிக்கிட்டாரா? ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ‘டிக்கெட் எடுத்துட்டேன்டி, வாயை மூடு’ன்னு சொல்லியிருக்கலாமே… என்ன மனுஷன் இவரு… ஆமா, ஆமா, எதிர்ல வந்து நின்னு என் மூஞ்சியைப் பாக்கணும். அதுதானே? ஆமா. அப்படித்தான் செய்வாரு. பொய்ப் பல்லைப் பொருத்திட்டு, கண்ணாடியை மறைச்சு வச்சிருந்து, கடைசியிலதான் காட்டுவாராம். அந்த மூஞ்சியைப் பாக்கறதுக்குத்தான் இந்தத் தொழில்னு சொல்வாரு. அந்த ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறதே உங்க தம்பி கை பட்டுத்தான்…

இன்னும் என்ன?… ஞாயித்துக்கிழமையெல்லாமா? என்கிட்ட மார்க்கெட்டுக்குப் போறேன்னு சொன்னாரே… ஏர்போர்ட்டுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து… விமானம் ஏறறதையும் இறங்கறதையும்… பழகிக்கவா? பழகிக்கறதுக்காக உக்காந்து பாத்தாரா?… நீங்களும் கூடப் போனீங்களா? எத்தனை வாரம்?… நீங்க டீ வாங்கிக் குடுத்தீங்க, அவர் எத்தனை விமானம் பத்திரமா இறங்குதுன்னு எண்ணிக்கிட்டு இருந்தாரு…

அண்ணி, நீங்க கூடப் போனீங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க என்னை… சரி. அதெல்லாம் இப்ப எதுக்கு.

பையில என்ன இருக்கு? திறந்தீங்களா?… திறங்க. நான் இருக்கேன், திறங்க… ரெண்டு சட்டை… ம்… என் ஸ்வெட்டர்… அது அலமாரியில அடியில கிடந்தது, எப்படித் தேடி எடுத்தாரு… அப்புறம்? இரும்பா? என்ன இரும்பு?… தாப்பாளா?

புதுத் தாப்பாளா.

ஸ்குரூ, திருப்புளி, ஒரு சுத்தியல், ஓட்டை போடற மிஷினு வேற… ஆமா. தெரியும். இங்க என் ரூம்ல குளியலறைக் கதவுக்குத் தாப்பாள் விழாது. ஒரு கயித்தைக் கட்டி வச்சிருக்கேன். ஆறு மாசம் முன்னாடி ஏதோ பேச்சுவாக்குல சொன்னேன். நானே மறந்துட்டேன்… அதான் பதினோரு கிலோ. துணிக்கு அவ்வளவு எடை வராதேன்னு இப்பத்தான் யோசிச்சேன்…

…

…இல்ல, இருக்கேன். அழல. எனக்கு இன்னும் அழுகையே வரல அண்ணி. ஏன்னு தெரியல.

இருங்க. கேப்டன் வந்துட்டாரு.

வாங்க கேப்டன்… ஆமா, முக்கா மணி நேரம் லேட்டு, தெரியும்… ஆமா, அந்த ஆளு… கேப்டன், அந்த ஆளு எங்க வீட்டுக்காரர்.

…தொப்பியையெல்லாம் கழட்டாதீங்க. உக்காருங்க. உங்களுக்குத் தெரியாது, எனக்கும்தான் தெரியாது… நீங்க பாத்தீங்களா அவரை?… சொல்லுங்க, பரவாயில்ல, அவங்க அக்கா லைன்ல இருக்காங்க, நீங்க சொல்லுங்க…

…

அண்ணி, கேக்குதா? கேப்டன் சொல்றாரு. விமானத்துக்கு நடந்து போறப்ப வரிசையைத் தாண்டித்தான் போனாராம். ஒருத்தர் கையைப் பிடிச்சு நிறுத்தினாராம். ‘இந்த விமானத்துக்கு வழி போட்டுக் குடுக்கறது என் வீட்டுக்காரிதான். அவ போட்டா தப்பாது. அதனாலதான் ஏறறேன்’ன்னாராம்… கேப்டன் என்ன சொன்னாராம் தெரியுமா, ‘ஆமா சார், அந்தம்மா போட்டா நானே கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்’ன்னாராம். அவர் சிரிச்சாராம்…

சிரிச்சாராம் அண்ணி.

…

(சரி… சரி, கேப்டன்… இல்ல, விடுங்க. நீங்க போய்த் தயார் பண்ணுங்க. நான் வரேன் உங்க கூட… இல்ல, திரும்பிப் போற கணக்கு பாதிதான் முடிச்சிருக்கேன், அதை முடிச்சுட்டு…)

ரேடியோ அண்ணே, அந்தப் பேனாவைக் குடுங்க. குடுங்கண்ணே. பத்து நிமிஷ வேலை… நான் போட்டுடுவேன்… என் கையெழுத்து இல்லாம அது எப்படிக் கிளம்பும்?… மேனேஜர் வந்துட்டாரா? அவர் போடறாரா?… சரி. எட்டாவது வரியில காத்து மாறியிருக்கு, அதை மட்டும் பாக்கச் சொல்லுங்க. ஆள் கணக்குல ஒண்ணு கூட்டிக்கச் சொல்லுங்க. எனக்கு… எனக்கு ஐம்பத்தெட்டு கிலோ. பை ஒண்ணுமில்ல.

அண்ணி, நடந்துக்கிட்டே பேசறேன். படி இறங்கறேன்… ரேடியோ அண்ணன் இந்தப் போனைக் கையோட கொண்டு போகச் சொல்லிட்டாரு. நல்ல மனுஷன். என் கோட்டை எடுத்துக்கிட்டு பின்னாலயே ஓடி வராரு, பாவம்.

நீங்க இப்ப எங்க இருக்கீங்க? வராண்டாவுலயா? உள்ள அவர்கிட்ட யாரு இருக்கா?… யாருமே இல்லையா? ஏன்? போகப் பயமா இருக்கா?… ஓ.

அண்ணி, எனக்காக ஒண்ணு செய்வீங்களா? உள்ள போங்க. ஒண்ணும் பண்ண வேணாம். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காருங்க. அவருக்குத் தனியா இருக்கப் பிடிக்காது. தனியா இருந்தா ரேடியோவைப் போட்டு, அதுகூடப் பேசிக்கிட்டு இருப்பாரு… உங்களைத் தன்னை வளத்தவங்கன்னுதான் என்கிட்ட சொல்வாரு. ‘அம்மா இல்ல, அக்காதான் ஷூவுக்கு நாடா கட்டிவிட்டா’ன்னு. உங்களுக்கு என்ன பயம்? உங்க பையன்தானே அது…

போறீங்களா? ம். போங்க. எழுந்துட்டீங்களா?… சரி. நானும் வெளிய வந்துட்டேன். வெயில்ல கண்ணு கூசுது.

கதவு திறக்கற சத்தம் கேக்குது… உள்ளயா? ம்… எப்படி இருக்காரு?

…

…தூங்கற மாதிரியா. முகத்துல வலி ஒண்ணும்… இல்லையா. சரி. நல்லது. கால் மூடியிருக்கா? போர்வையை இழுத்துக் கீழ வரைக்கும் விடுங்க… ஆமா, தெரியும், குளிராது. எனக்கும் தெரியும். ஆனாலும் விடுங்க.

…

ஆமா, விமானத்துகிட்ட வந்துட்டேன். சூடு இன்னும் அடிக்குது, இப்பத்தானே வந்து நின்னது… ஏறறேன். கைப்பிடி… ஏறிட்டேன்.

உக்காந்துட்டேன். ஜன்னல் பக்கம். பக்கத்துல யாரும் இல்ல. விமானத்துல வேலை பாக்கற பொண்ணு விஷயம் கேள்விப்பட்டிருக்கா போலிருக்கு. ஒண்ணும் பேசாம என் தோளைத் தொட்டுட்டுப் போறா.

அண்ணி, நான் அங்க வந்ததும் நீங்க என்னைத் திட்டறதா இருந்தாலும் திட்டிடுங்க. ரெண்டு வருஷத்துக்கும் சேத்து… இல்லையா?… நானும் இல்ல. எனக்கும் ஒண்ணுமில்ல. அந்த வாசல் கதவுகிட்ட நடந்ததைப் பத்தி நான் யாருகிட்டயும் பேச மாட்டேன். நீங்களும் பேசாதீங்க. யாராவது கேட்டா, தம்பி பொண்டாட்டியைப் பாக்கக் கிளம்பினான், நான்தான் கூட வந்து வழியனுப்பினேன்னு சொல்லுங்க. அது உண்மைதானே? அவ்வளவுதான் நடந்தது.

…ஆமா. அழுங்க. இப்ப அழுங்க, பரவாயில்ல… அண்ணி… அண்ணி, எனக்கும்… எனக்கும் இப்பத்தான்…

…

…

…இல்லம்மா, ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் குடு, போனை அணைச்சுடறேன்… தெரியும்மா, கதவைச் சாத்திட்டீங்க, தெரியும். இந்தச் சட்டத்தை எழுதி ஒட்டினதே நான்தான்…

அண்ணி, அணைக்கச் சொல்றாங்க. ரெண்டரை மணி நேரம் என்னைக் கூப்பிட முடியாது. அதுவரைக்கும் அந்த நாற்காலியிலேருந்து எழுந்துக்காதீங்க. யாரு என்ன சொன்னாலும், எங்க கொண்டு போகணும்னு சொன்னாலும், அவ வரட்டும்னு சொல்லுங்க. சத்தம் போட்டுச் சொல்லுங்க. உங்க குரலுக்கு நானே பயந்தவ, அவங்க எம்மாத்திரம்…

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பேச வேணாம். போனை அவர் பக்கத்துல வச்சுட்டு நீங்க மூச்சு விட்டுக்கிட்டு இருங்க, அது போதும். அணைக்கற வரைக்கும் நான் கேட்டுக்கிட்டு…